நிற்க வைத்த ஓடுகள்

ஹார்லன்ஸ் பார், கலிபோர்னியா
2 மார்ச் 1992

அன்புள்ள அண்ணாவுக்கு அனந்துவின் நமஸ்காரம்.

இங்கு நான் சௌக்கியம். சான் ஹோசேயில் என் வீட்டுக்காரர் மாதவும் சௌக்கியம். வார நாட்களில் தன் சமையலைத் தானே சாப்பிடுவதால் கொஞ்சம் இளைத்திருக்கிறார். மன்னியும் விஷாகாவும் எப்படி இருக்கிறார்கள்? உங்கள் முழங்கால் எப்படி?

வழக்கம் போல் உங்கள் ஆபீஸ் முகவரிக்கே போடுகிறேன். வீட்டுக்குப் போட்டால் மன்னி தபால்பெட்டி பக்கத்திலேயே பிரித்து, சமையலறை வரை சத்தமாகப் படித்துக்கொண்டு வருவார். பிறகு நாம் எங்கே வம்பு பேசுவது? போனில் பேசலாம் என்றால் நாலு நிமிஷம் ஆனதும் "சரி, வேற ஒண்ணுமில்லையே" என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

எனக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. இது மலையடிவாரத்துச் சின்ன ஊர். தங்க வேட்டைக் காலத்தில் முளைத்து, மூன்று தடவை எரிந்து, அப்புறம் புத்தி வந்து செங்கல்லில் கட்டி சிலேட்டு ஓடு போட்டுக்கொண்ட ஊர். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதினோமே, அதே சிலேட்டுக் கல்தான். இங்கே 1861இல் கட்டிய கோர்ட்டுக் கட்டிடத்தின் கூரையைப் பழையபடி ஆக்குவது என் பொறுப்பு. அந்த ஓடுகள் உங்கள் பக்கத்துப் பென்சில்வேனியாவிலிருந்து கப்பலேறி, தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தவை. மூன்றில் ஒரு பங்கு உடைந்துவிட்டது. அதே ரகப் பழைய ஓடு இரண்டாயிரத்து நானூறு வேண்டும். ஒரு வியாபாரி அனுப்பியதில் பாதி உளுத்தது. அக்டோபர் கடைசியில் மழை வந்துவிடும், அதற்குள் கூரையை மூடவில்லை என்றால் உத்தரமெல்லாம் போய்விடும். இப்போதே நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள் ஆபீஸ் விசேஷங்களை எழுதுங்கள். அந்த மேனேஜர் இன்னும் பத்மநாபனைச் சுருக்கி உங்களைப் "பேடி" என்றுதான் கூப்பிடுகிறானா?

அன்புத் தங்கை,
அனந்தலக்ஷ்மி

(உறையின் மேல் சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப்: "பெயருக்குரியவர் இங்கே இல்லை. அனுப்பியவருக்குத் திருப்பவும்." பக்கத்தில் 12 மார்ச் என்று தபால் முத்திரை. உறை பிரிக்கப்படவில்லை.)


ஹார்லன்ஸ் பார்
23 மார்ச் 1992

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம். விஷாகாவுக்கு ஆசிகள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே எப்படி? ரொம்ப நாளாக எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். இந்த முறை எல்லோருமாகப் படிக்கட்டும் என்று வீட்டுக்கே போடுகிறேன்.

அண்ணா, ஒரு உதவி. நான் இங்கே ஒரு பழைய கோர்ட்டுக் கட்டிடத்துக்கு சிலேட்டுக் கூரை போடுகிறேன். அதற்கான பழைய ஓடுகள் பென்சில்வேனியாவில் ஹேஸ்லட் யார்டு என்ற இடத்தில் கிடைக்கின்றன. இடிக்கிற சர்ச், தானியக் கொட்டகை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி வைத்திருக்கிறார்கள். பார்சிப்பனியிலிருந்து எண்பதாம் நம்பர் சாலையில் மேற்கே போய் டெலவேர் ஆற்றைத் தாண்டினால் ஒரு மணி நேரம். யாராவது நேரில் நின்று ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லது கணீரென்று சொல்லும். உள்ளே விரிசல் விட்டது தொப்பென்று சொல்லும். அவ்வளவுதான் பரீட்சை. ஆனால் பொறுமையும் காதும் வேண்டும். நம் வீட்டில் அது இரண்டும் யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்கு ஒழியும்போது போனால் போதும். சனிக்கிழமை மாதிரி.

அன்புடன்,
அனந்து


பார்சிப்பனி, நியூ ஜெர்சி
6 ஏப்ரல் 1992

சௌபாக்கியவதி அனந்தலக்ஷ்மிக்கு பத்மநாபன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் அனைவரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுதவும்.

உன் கடிதத்தை மன்னி சமையலறை வரை படித்தாகிவிட்டது. ஆபீஸில் வேலை கழுத்தை நெரிக்கிறது. புது சிஸ்டம் போடுகிறார்கள், நான் இல்லாமல் ஒரு பிட்டு நகராது. இருந்தாலும் கூடப் பிறந்தவள் கேட்டுவிட்டாய். போனேன்.

யார்டு என்றால் நீ ஏதோ கடை என்று நினைக்காதே. நாலு ஏக்கர் சேறு, அதில் மலை மலையாகக் கல். அதன் சொந்தக்காரி டோரிஸ் ஹேஸ்லட் என்கிற அம்மாள். ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து இறங்கி, என் டையையும் ஷூவையும் பார்த்தாள். "இன்கம் டாக்ஸா?" என்று கேட்டாள். இல்லை, தங்கைக்காகக் கல் தட்ட வந்தேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வெளிச்சமாக ஒரு மூலையைக் கொடுத்தாள்.

முதல் நூறுக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் ஒரே சத்தம். அப்புறம் காது திறந்துகொண்டது. வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையாக எனக்குப் பதில் சொன்ன ஜீவன்களை நான் பார்த்ததில்லை. தட்டினால் இருக்கிறதைச் சொல்லிவிடுகிறது.

ஆபீஸில் தபால் பிரிக்கிற ஆள் மாறிவிட்டான், கடிதங்கள் தொலைகின்றன. இனி வீட்டுக்கே எழுது.

இப்படிக்கு,
பத்மநாபன்


பார்சிப்பனி
18 மே 1992

சௌ. அனந்துவுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். முழங்கால் தேவலை. நின்றுகொண்டே இருந்தால் வலி போகும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

இதுவரை ஆயிரத்து நூற்று நாற்பது தட்டியிருக்கிறேன், அறுநூற்றுப் பன்னிரண்டு தேறியது. போன புதன்கிழமை நல்ல மழை. காரிலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால் டோரிஸ் வந்து கண்ணாடியைத் தட்டி, "உள்ளே வந்து சாப்பிடு" என்றாள். மன்னியின் எலுமிச்சை சாதத்தில் பாதியை அவளே காலி பண்ணினாள். ஊறுகாயைத் தொட்டுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அறுநூறு ஓட்டை இரண்டு பெட்டியாக என் கையாலேயே அடுக்கி வியாழக்கிழமை லாரியில் ஏற்றிவிட்டேன். யார்டுப் பையன்கள் அடுக்கினால் ஏனோதானோ என்று இருக்கும். ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவில் மெத்தென்று காகிதம் வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்து பார், கண்ணில் ஒற்றிக்கொள்வாய்.

விஷாகாவுக்குக் காலேஜ் கிடைத்துவிட்டது. ரெண்டு இடம். பெரிய இடத்துக்குப் போக ஆசைப்படுகிறாள். பார்க்கலாம்.

ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை.

பத்மநாபன்


பார்சிப்பனி
8 ஜூன் 1992

அன்புள்ள அனந்துவுக்கு ஷ்யாமளா மன்னி எழுதுவது. நீயும் மாதவும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? நான் இருக்கிறேன்.

இது உனக்கு மட்டும். படித்ததும் கிழித்துப் போடு. உன் அண்ணாவுக்கு வேலை போய்விட்டது. பிப்ரவரி பதினாலாம் தேதியிலிருந்து. ஆறு மாதச் சம்பளத்தை மாதாமாதம் போடுகிறார்கள் போல, அதனால் பாங்கியில் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? மார்ச்சில் கம்பெனியிலிருந்து ஒரு கவர் வந்தது, வேலையை விட்டவர்கள் மெடிக்கல் இன்ஷூரன்ஸை எப்படித் தொடர்வது என்று. என் வழக்கப்படி பிரித்துவிட்டேன். இரண்டு தடவை படித்தேன். அப்புறம் ரெண்டு சாதப் பருக்கையை நசுக்கித் தடவி, பிரித்த அடையாளமே தெரியாமல் ஒட்டி, திரும்பத் தபால்பெட்டியிலேயே கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் அவர் எடுத்து வந்தார். "என்னன்னா அது?" என்றேன். "கிரெடிட் கார்டு விளம்பரம்" என்று பையில் போட்டுக்கொண்டார்.

பதினாலு வருஷமாக அவர் டப்பாவில் பாதி சாதம் திரும்பி வரும். ஏப்ரலிலிருந்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டு வருகிறார். சட்டைக் கையெல்லாம் சாம்பல் கலர் தூள். மேலே பரணில் நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த தொடர்கதைப் பத்திரிகைகளைக் காணோம். கல்லுக்கு நடுவில் வைக்கத்தான் போயிருக்கும். கேட்கவில்லை. டப்பாவில் ஒரு அடுக்கு கூட வைக்கிறேன், வெயிலில் நிற்கிறவருக்கு இரண்டடுக்கு போதாது.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்கலாம். நான் கேட்டால் பொய் சொல்வார். அந்தப் பொய்யை நான்தான் அவர் வாயில் வைத்தேன் என்று ஆகும். அவராகச் சொல்லட்டும். பொழுது போகவில்லை என்று சொல்லி நான், குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஒரு டேகேரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அவர் முகத்தில் அன்றைக்கு ஒரு நிம்மதி தெரிந்ததே, அதைப் பார்த்து பாத்ரூமில் போய் அழுதேன்.

நீ கொடுத்த கல்தான் அவரைக் காலையில் எழுப்புகிறது. அதை மட்டும் நிறுத்திவிடாதே. பதில் எழுதினால் டேகேர் முகவரிக்கு எழுது.

மன்னி


ஹார்லன்ஸ் பார்
16 ஜூன் 1992

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம்.

கிழிக்கச் சொன்னீர்கள், கிழித்துவிட்டேன். எனக்கும் தெரியும். மார்ச்சில் ஆபீஸுக்குப் போட்ட கடிதம் "இங்கே இல்லை" என்று திரும்பி வந்தது. மேஜை டிராயரில் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம்தான் அவரைக் கல் தட்டக் கேட்டேன். கல்லும் நிஜமாகவே வேண்டியிருந்தது, அதனால் பொய் சொன்ன பாவம் பாதிதான்.

நானும் வாயைத் திறக்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனந்து


ஹார்லன்ஸ் பார்
3 ஜூலை 1992

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே சௌக்கியம், வெயில்தான் நூறு டிகிரி. அங்கே எல்லோரும் எப்படி?

இதை எழுத மூன்று நாளாகக் கை வரவில்லை. பெட்டிகள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு இப்போதுதான் வந்தன. அறுநூற்றில் இருநூற்று முப்பது உடைந்திருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறையும் இல்லை. உடையாததை எங்கள் மேஸ்திரி வால்ட் தட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் பொறுக்கின ஆள் யார்?" என்று கேட்டார். தப்பு அடுக்கியதில். புத்தகம் மாதிரி படுக்க வைத்து அடுக்கியிருக்கிறீர்கள். லாரி குதிக்கும்போது மேலே இருக்கிற பாரமெல்லாம் அடியில் இறங்கிவிடுகிறது. சிலேட்டை எப்போதும் விளிம்பில் நிற்க வைத்துத்தான் அனுப்ப வேண்டும். இதை நான் உங்களுக்கு முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். என் மேல்தான் குற்றம்.

இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த பெட்டியை நிற்க வைத்து அனுப்புங்கள்.

அனந்து


பார்சிப்பனி
14 ஜூலை 1992

அனந்துவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. யார்டுப் பையன்கள் நிற்க வைக்கத்தான் சொன்னார்கள். எனக்குத் தெரியாதா என்று நான்தான் பிடிவாதமாகப் படுக்க வைத்தேன். ஐம்பத்துமூன்று வயசுக்கு ஒரு பெட்டியில் கல் அடுக்கக்கூட நான் லாயக்கில்லை என்று ஆகிவிட்டது. வேறு யாரையாவது ஏற்பாடு செய்துகொள். இனி நான் யார்டுக்குப் போவதாக இல்லை. ஆபீஸிலும் வேலை ஜாஸ்தி.

பத்மநாபன்


ஹார்லன்ஸ் பார்
22 ஜூலை 1992

அன்புள்ள அண்ணா, நமஸ்காரம்.

இந்தத் தடவை சௌக்கியம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் க்ஷேமம் என்று எழுதுவீர்கள்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து நடந்தது. சிலேட்டு ஓட்டை ஆணியில் மாட்டத்தான் வேண்டும், இறுக்கக் கூடாது. ஆணியின் தலை ஓட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். எனக்கோ பயம், காற்றில் பறந்துவிடுமே என்று. இறுக்கி அடிக்கச் சொன்னேன். வால்ட் வேண்டாம் என்றார், நான்தான் ஆர்க்கிடெக்ட் என்றேன். வெயிலில் மரம் அசைந்ததும் நாற்பது ஓடு பட்பட்டென்று விரிசல் விட்டது. அத்தனை பேர் முன்னால் கூரை மேல் நின்று, "தப்பு என்னுடையது" என்று சொன்னேன். காது வரைக்கும் சுட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. வால்ட் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அடுத்த ஓட்டை மாட்டினோம். அவ்வளவுதான் அண்ணா நடந்தது.

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். மார்ச் இரண்டாம் தேதி உங்கள் ஆபீஸுக்குப் போட்டது. மேலே இருக்கும் ஸ்டாம்பைப் பாருங்கள். அன்றிலிருந்து எனக்குத் தெரியும். பரிதாபப்பட்டு உங்களுக்குக் கல்லைக் கொடுத்தேன் என்று நினைப்பீர்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் பரிதாபமும் இருந்தது, ஒளிக்கவில்லை. ஆனால் மூன்று பேரை வைத்து நான் தேடி எடுக்க முடியாத ஓடுகளை நீங்கள் ஒருத்தராக எடுத்துக் கொடுத்தீர்கள். அக்டோபருக்குள் எனக்கு இன்னும் இரண்டாயிரம் வேண்டும். உங்களைத் தவிர எனக்கு வேறு ஆளில்லை.

உங்களைச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் தினம் காலையில் டை கட்டிக்கொண்டு காரில் ஏறுகிற அண்ணாவை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உறையைப் பிரிக்கவில்லை. உங்கள் கடிதம், நீங்களே பிரியுங்கள்.

அனந்து


ஹார்லன்ஸ் பார்
9 செப்டம்பர் 1992

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

ஏழு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் எழுதியது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். ஆனால் நேற்று லாரியில் ஐந்து பெட்டி வந்தது. ஆயிரத்து இருநூறு ஓடு, எல்லாம் நிற்கிறது. உடைந்தது மூன்று. அனுப்பியவர் பெயர் இல்லை, நடுவில் மன்னியின் தொடர்கதை இருக்கிறது. பன்னிரண்டாவது அத்தியாயத்தில் கதாநாயகி ரயிலேறுகிறாள். பதிமூன்று எந்தப் பெட்டியில் வருகிறது?

அனந்து


பென்சில்வேனியா
5 அக்டோபர் 1992

சௌபாக்கியவதி அனந்தலக்ஷ்மிக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நாங்கள் க்ஷேமம். இந்தத் தடவை நிஜமாகவே.

மன்னி அதிசயமாகப் பிரிக்காமலே கொடுத்த உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த உறையைப் பிரிக்காமல் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கே போவது என்று தெரியாமல், வர மாட்டேன் என்று சொன்ன யார்டுக்கே போனேன். டோரிஸ் என் டையைப் பார்த்தாள். பெட்டியை மட்டும் தள்ளிவிட்டாள். ஒவ்வொன்றையும் தட்டி நிற்க வைத்தேன். கணீரென்று கேட்கிறபோதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. கல்லைத் தட்டி உண்மையைக் கேட்கிறவன் வீட்டில் போய்ப் பொய் சொல்கிறேன்.

செப்டம்பர் பதினாலு, திங்கட்கிழமை காலை, டை கட்டவில்லை. சமையலறையில் போய் உட்கார்ந்தேன். மன்னி டப்பா கட்டிக்கொண்டிருந்தாள். "ஷ்யாமளா, எனக்கு ஆபீஸ் இல்லை. பிப்ரவரியிலேர்ந்து இல்லை" என்றேன். அவள் திரும்பக்கூட இல்லை. அடுப்பை அணைத்தாள். "பின்னே டப்பால மூணாவது அடுக்கு எதுக்கு வெச்சேன்னு நினைச்சேள்?" என்றாள்.

ஆறு மாதமாகத் தெரிந்துகொண்டே எனக்கு சாதம் கட்டியிருக்கிறாள். முதலில் கோபம்தான் வந்தது. எல்லோருமாகச் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீர்கள் என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டேன். விஷாகா மாடியிலிருந்து ஓடி வந்து, "டாட், ஆர் யூ ஓகே?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஊரிலேயே இருக்கிற காலேஜில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பெரிய இடம் பிடிக்கவில்லை என்றாள். ஏன் பிடிக்கவில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அழுது முடித்ததும் மன்னி கோட்டை மாட்டிக்கொண்டாள். "வாங்கோ, அந்த இடத்தை எனக்கும் காட்டுங்கோ" என்றாள். அன்றைக்கு டேகேருக்கு லீவு. யார்டில் நான் தேறியது என்று ஒதுக்கி வைத்ததிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டினாள், "இது தொப்புங்கறதே" என்றாள். தட்டிப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி. டோரிஸ் சிரித்த சிரிப்பு ஆறு தாண்டிக் கேட்டிருக்கும்.

கடைசி எண்ணூறு செவ்வாய்க்கிழமை புறப்பட்டுவிட்டது. நிற்கிறது, கவலைப்படாதே. பதிமூன்றாவது அத்தியாயம் நாலாவது பெட்டியில் இருக்கிறது. மன்னி தான் இன்னும் அதைப் படிக்கவில்லையாம், முடித்ததும் திருப்பி அனுப்பச் சொல்கிறாள்.

பழைய உறையை இன்று மத்தியானம் யார்டு ஆபீஸில் உட்கார்ந்து பிரித்தேன். மேனேஜர் இன்னும் "பேடி" என்று கூப்பிடுகிறானா என்று கேட்டிருந்தாய். டோரிஸுக்கு முழுப் பெயரும் வருகிறது. பத்மநாபன் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். நாலு நாள் பழக்கினேன்.

ஒன்றாம் தேதியிலிருந்து என்னை இங்கே வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். ஓடு தரம் பார்த்து அனுப்புகிற வேலை. சம்பளம் பழைய ஆபீஸில் பாதிகூட இல்லை. மன்னியிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன்.

அங்கே முதல் மழை பெய்ததும், ஒழுகியதா இல்லையா என்று உடனே எழுது. மன்னி படிக்கக் கூடாத வம்பு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து எழுது. வழக்கம் போல் ஆபீஸ் முகவரிக்கே போடு: பத்மநாபன், ஹேஸ்லட் சிலேட்டு யார்டு, பென்சில்வேனியா. திரும்பி வராது. யார் வந்து கேட்டாலும், "இருக்கிறார், பின்னால் கல் தட்டிக்கொண்டிருக்கிறார்" என்றுதான் சொல்வார்கள்.

உன் அண்ணா,
பத்மநாபன்